சீன வரலாறு சக்கரமாகச் சுழல்கிறது என்று கன்பூசியஸ் சொன்னாரா?

"சீனாவில் ஒரு வம்சம் எழும், செழிக்கும், கெடும், விழும், அப்புறம் அடுத்தது எழும். இது கன்பூசிய நம்பிக்கை என்கிறார்கள். நம் யுகக் கணக்கு மாதிரியா இது? அப்படியானால் இப்போதைய ஆட்சிக்கும் முடிவு எழுதியாகிவிட்டதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்க ஒரே கேள்வியாகத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு இருக்கின்றன. கன்பூசிய அறிஞர்கள் அப்படி நம்பினார்களா என்பது ஒன்று. சீனாவில் நடந்தது உண்மையிலேயே அப்படித்தானா என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பழைய நூல்களை வைத்துப் பதில் சொல்லலாம். இரண்டாவதற்கு வரி, மக்கள்தொகை, படையெடுப்பு எல்லாம் பார்க்க வேண்டும். நான் கல்லூரியில் பல வருடங்கள் கிழக்காசியச் சிந்தனை வரலாறு சொல்லிக்கொடுத்தவன். நூல்கள் பக்கம் தைரியமாகப் பேசுவேன்; பொருளாதாரம் பக்கம் அந்தத் துறைக்காரர்கள் கண்டதை நம்பித்தான் பேசுகிறேன். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கதை கன்பூசியஸுக்குச் சுமார் ஐந்நூறு வருடம் முன்பே தொடங்குகிறது. கி.மு. 1046ஐ ஒட்டி, மேற்கே இருந்த சௌ என்ற சிறிய அரசு, தான் பணிந்திருந்த ஷாங் பேரரசைத் தோற்கடித்தது. (ஆண்டு அறிஞர்களின் கணிப்பு, வேறு கணக்குகளும் உண்டு.) வென்றாயிற்று. ஆனால் எஜமானைக் கொன்று அரியணை ஏறியவனை ஊர் எப்படி ஏற்கும்? சௌ தரப்பு சொன்ன பதில்தான் "வானத்தின் ஆணை". ஆளும் உரிமையை வானம் கொடுக்கிறது. ஆள்பவன் கெட்டால் அதே வானம் பறித்துக்கொள்கிறது. ஷாங் வம்சமே முன்பு சியா என்ற வம்சத்திடமிருந்து அப்படிப் பெற்றதுதான் என்றார்கள். சியா என்றொரு வம்சம் இருந்ததா என்பது இன்றும் தீராத வழக்கு. ஹெனான் மாகாணத்தில் எர்லிதோவில் கிடைத்த நகரத்தைச் சியாவின் தலைநகர் என்று சீன அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். அதை உறுதிசெய்யும் எழுத்து எதுவும் அங்கே கிடைக்கவில்லை. எது எப்படியோ, சௌ அரசுக்கு அந்த முன்கதை தேவைப்பட்டது. ஒருமுறை நடந்தால் அது கொலை. இரண்டாவது முறை என்றால் நியதி.

இதே காலத்து மரபிலிருந்து வந்த ஒரு பாடல் பழைய பாடல் தொகுப்பில் இருக்கிறது. வானத்தின் ஆணை நிலையானதல்ல என்ற வரி அதில்தான் வருகிறது. தோற்றுப்போன ஷாங் குலத்தார் சௌ தலைநகருக்கு வந்து, வென்றவர்களின் முன்னோர் பூசையில் பானம் ஊற்றிப் பணி செய்வதை அந்தப் பாடல் காட்டுகிறது. இவர்களும் ஒரு காலத்தில் உன்னைப் போல இருந்தவர்கள், பார்த்துக்கொள் என்று வென்றவனுக்கே சொல்லப்படும் பாடல் அது. எனக்கு இந்த இடம்தான் முக்கியமாகப் படுகிறது. எதிர்காலத்தைக் கணித்துச் சொல்லும் கோட்பாடு எதுவும் இதில் கிடையாது. ஒழுங்காக இருந்தால் ஆணை உன்னிடமே நிற்கும் என்பதுதான் செய்தி. நீங்கள் கேட்ட யுகக் கணக்கில் காலம் தானாகக் கெடுகிறது, ஒரு ராஜா நல்லவனாக இருந்து கலியை நிரந்தரமாக நிறுத்திவிட முடியாது. இங்கே எல்லாம் நடத்தையைப் பொறுத்தது. இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

கன்பூசியஸ் (கி.மு. 551–479) இதைப் பற்றி என்ன சொன்னார்? அவர் பேச்சுத் தொகுப்பில் ஓர் உரையாடல் உண்டு. பத்துத் தலைமுறைக்குப் பிறகு என்ன நடக்கும் என்று இப்போதே அறிய முடியுமா என்று சீடர் சிசாங் கேட்கிறார். ஷாங் சியாவின் சடங்குமுறைகளை எடுத்துக்கொண்டது, எதைக் கூட்டியது எதைக் கழித்தது என்று நமக்குத் தெரியும். சௌ ஷாங்கின் முறைகளை எடுத்துக்கொண்டது, அங்கும் கூட்டியது கழித்தது தெரியும். சௌவுக்குப் பின் வருபவர்களையும் அப்படியே அறியலாம், நூறு தலைமுறை ஆனாலும் என்கிறார் குரு. ஒரு வம்சம் போய் இன்னொன்று வருகிறது, ஆனால் கையில் இருப்பது அழிவதில்லை, திருத்தப்பட்டுத் தொடர்கிறது. இன்னோர் இடத்தில், சௌ தனக்கு முந்தைய இரண்டையும் பார்த்துக் கற்றது, எத்தனை செழுமை, நான் சௌ பக்கம் என்று மகிழ்கிறார். இது சேர்ந்துகொண்டே போகும் வரலாறு. சீரழிவைப் பற்றியும் பேசியிருக்கிறார்: அதிகாரம் அரசனிடமிருந்து குறுநில மன்னர்களுக்கு இறங்கினால் பத்துத் தலைமுறைக்கு மேல் தாங்குவது அரிது, அவர்களுடைய அமைச்சர்களிடம் போனால் ஐந்து, அவர்களுக்கும் கீழே போனால் மூன்று என்று. அதுவும் கீழே இறங்கும் படிக்கட்டுதான். சக்கரம் அவர் பேச்சில் எங்குமே கிடையாது.

சக்கரத்துக்கு ஆதாரம் தேடுபவர்கள் வழக்கமாகக் காட்டுவது கன்பூசியஸுக்குப் பின் வந்த கன்பூசிய அறிஞர் மென்சியஸை. ஐந்நூறு வருடத்துக்கு ஒருமுறை உண்மையான அரசன் ஒருவன் தோன்றியே தீருவான் என்று அவர் சொன்னது நிஜம். ஆனால் எங்கே, எப்போது சொன்னார் என்று பார்க்க வேண்டும். சி நாட்டு மன்னனைத் திருத்தலாம் என்று நம்பி, முடியாமல் பதவியை விட்டுக் கிளம்பி வரும் வழியில் சொல்கிறார். ஏன் முகம் வாடியிருக்கிறது என்று உடன் வரும் சீடர் கேட்கிறார். ஐந்நூறு வருடக் கணக்கைச் சொல்லிவிட்டு, சௌ தொடங்கி எழுநூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, கெடு தாண்டிவிட்டது, உலகத்தைச் சீராக்க வானம் நினைத்தால் இந்தக் காலத்தில் என்னை விட்டால் யார் இருக்கிறார் என்கிறார். மனம் உடைந்த ஒரு மனிதரின் நம்பிக்கை அது; கொஞ்சம் தற்பெருமையும் உண்டு, மென்சியஸுக்கு அது குறைவில்லை. கணக்கு பொய்த்திருக்கிறது என்பதையும் அவரே ஒப்புக்கொண்டுதான் பேசுகிறார்.

உலகம் தோன்றி நெடுங்காலம் ஆகிறது, ஒரு முறை ஒழுங்கு ஒரு முறை குழப்பம் என்று மாறி மாறி வருகிறது என்பதும் அவர் சொன்னதே. அந்தப் பகுதியை முழுதாகப் படித்தால் ஒழுங்கு எதுவும் தானாக வரவில்லை என்பது தெரியும். வெள்ளம் வந்தபோது புராண கால அரசர் யூ ஆறுகளை வெட்டி வடித்தார். கொடுங்கோலர்கள் வந்தபோது சௌ கோமகன் போரிட்டார். நீதி சிதைந்தபோது கன்பூசியஸ் வரலாற்றுக் குறிப்புகளை எழுதினார். இப்போது போட்டிச் சிந்தனையாளர்களான யாங் சூ, மோ தி கருத்துகளோடு நான் மல்லுக்கட்டுகிறேன் என்று போகிறது பட்டியல். வாதம் பண்ணுவதில் எனக்கு ஆசையா, வேறு வழியில்லாமல் செய்கிறேன் என்று சொல்வதற்காக எடுத்த வரலாறு அது. மறுமுனையில் சூன்சி. அவரும் கன்பூசியரே. வானம் தன் வழியில் போகிறது, நல்ல அரசனுக்காக இருப்பதுமில்லை, கெட்டவனுக்காக மறைவதுமில்லை என்று ஒரே போடாகப் போட்டவர். இவர்கள் எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டி "கன்பூசிய நம்பிக்கை" என்று சீட்டு ஒட்டுவதுதான் எனக்கு உறுத்தல்.

அப்போது சக்கரம் எங்கிருந்து வந்தது? கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த சோ யான் என்பவரிடமிருந்து. மண், மரம், உலோகம், நெருப்பு, நீர் என்று ஐந்து ஆற்றல்கள்; ஒன்றை அடுத்தது வெல்லும்; ஒவ்வொரு வம்சமும் ஓர் ஆற்றலின் பொறுப்பில் ஆளும் என்றார். இது நிஜமான சக்கரம், இயந்திரம் மாதிரி ஓடுவது. இதை முதலில் அரசுக் கொள்கையாக்கியது யார் தெரியுமா? கன்பூசியர்கள் மிகவும் வெறுத்த சின் பேரரசு. கி.மு. 221இல் நாட்டை ஒன்றாக்கிய முதல் பேரரசன், சௌ நெருப்பு, அதை அணைக்கும் நீர் நாங்கள் என்று அறிவித்தான். நீருக்குக் கறுப்பு, ஆகவே உடையும் கொடியும் கறுப்பு. நீருக்கு எண் ஆறு, ஆகவே தலைப்பாகை ஆறு அங்குலம், வண்டி ஆறு அடி. சக்கரத்தை ஏற்றுக்கொண்ட அதே ஆள், தனக்குப் பின் இரண்டாமவன், மூன்றாமவன் என்று பத்தாயிரம் தலைமுறை எண்ணிக்கொண்டே போகலாம் என்றும் உத்தரவு போட்டான். பதினைந்து வருடத்தில் கதை முடிந்தது.

பின் வந்த ஹான் வம்சம் தன் ஆற்றல் எது என்று தீர்மானிக்கவே இருநூறு வருடம் தடுமாறியது. முதலில் நீர் என்றார்கள், சின் ஒரு முறையான வம்சமே இல்லை என்பது போல. கி.மு. 104இல் வூ பேரரசன் மண் என்று மாற்றினான். பிறகு வரிசையையே மாற்றி, ஒன்றை ஒன்று வெல்வதற்குப் பதில் ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பதாக வைத்து, ஹான் நெருப்பு என்றார்கள். கி.பி. 9இல் வாங் மாங் அரியணையைப் பிடித்தபோது, நெருப்பிலிருந்து பிறக்கும் மண் நான் என்றான். 184இல் கிளர்ந்த விவசாயிகள் மண்ணின் நிறமான மஞ்சளைத் தலையில் கட்டிக்கொண்டார்கள். 220இல் ஹானை முடித்து வைத்த வேய் அரசு தன் முதல் ஆண்டுக் கணக்குக்கு "மஞ்சள் தொடக்கம்" என்று பேர் வைத்தது. கவனித்தீர்களா, சக்கரம் எப்போதும் வென்றவனுக்குச் சாதகமான இடத்தில்தான் வந்து நிற்கிறது. நடந்த பிறகு திருப்பி வைக்கப்படும் சக்கரத்தை வைத்து யாரும் எதையும் முன்கூட்டிச் சொன்னதாகக் கொள்ள முடியாது.

இதில் கன்பூசியர்களுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஹான் காலத்தில் தோங் சோங்ஷூ இந்த அண்டக் கணக்குகளைக் கன்பூசியத்தோடு பின்னினார். கறுப்பு, வெள்ளை, சிவப்பு என்று மூன்று நிற வரிசையும் அவர் பெயரிலேயே வருகிறது. அவர் பெயரில் வழங்கும் பெரிய நூலில் எவ்வளவு அவர் கைப்பட்டது என்பதில் அறிஞர்களுக்குள் சண்டை உண்டு. பேரரசனுக்கு அவர் எழுதிய விண்ணப்பங்கள் அதைவிட நம்பகமானவை. அரசு வழி தவறினால் வானம் முதலில் பேரிடரை அனுப்பிக் கண்டிக்கும், திருந்தாவிட்டால் விநோத நிகழ்வுகளால் பயமுறுத்தும், அதற்கும் மசியாவிட்டால்தான் அழிவு என்கிறார் அங்கே. யாராலும் தட்டிக்கேட்க முடியாத ஒருவனைத் தட்டிக்கேட்க அமைச்சர்களுக்குக் கிடைத்த கருவி அது. பூகம்பம் வந்தால் பேரரசனே தன் குறைகளை ஒப்புக்கொண்டு ஆணை வெளியிடும் வழக்கம் இப்படித்தான் நிலைத்தது.

வரலாற்றாசிரியர் சிமா சியானை மட்டும் என்னால் விளக்கிச் சமாளிக்க முடியாது. சியா நேர்மையால் ஆண்டது, அது முரட்டுத்தனமாகக் கெட்டது. ஷாங் பக்தியால் சரிசெய்தது, அது பேய்நம்பிக்கையாகக் கெட்டது. சௌ பண்பாட்டால் சரிசெய்தது, அது பகட்டாகக் கெட்டது. பகட்டுக்கு மருந்து மறுபடி நேர்மைதான், மூன்று அரசர்களின் வழி வட்டம் போல முடிந்து மீண்டும் தொடங்குகிறது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். நல்ல சிந்தனை அது, ஒவ்வொரு மருந்தும் அடுத்த நோயாகிறது என்பது. அதிலும், சின் பேரரசு திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் தண்டனைகளைக் கடுமையாக்கியது என்று குற்றம் சொல்கிறார். தவறவிட முடிகிற திருப்பம் என்றால், அங்கேயும் மனிதன் கையில் ஏதோ இருக்கிறது.

எதிர்த் திசையிலும் கன்பூசியர்கள் போயிருக்கிறார்கள். இரண்டாம் நூற்றாண்டில் ஹே சியூ, கன்பூசியஸின் வரலாற்றுக் குறிப்புக்கு உரை எழுதும்போது குழப்பம், நெருங்கும் அமைதி, பேரமைதி என்று மூன்று காலங்களை ஏறுவரிசையில் வைத்தார். பதினேழு நூற்றாண்டு கழித்து காங் யூவேய் அதையே எடுத்து, சீனா முடியாட்சியிலிருந்து அரசியலமைப்புக்கும், பின் எல்லைகளே இல்லாத உலகத்துக்கும் முன்னேறும் என்று வாதாடினார். 1898இன் நூறு நாள் சீர்திருத்தத்துக்குப் பின்னால் இருந்த மனிதர் அவர். சொங் வம்சக் காலத்தில் (960–1279) ஓயாங் சியூ ஐந்து ஆற்றல் கணக்கை வெற்றுப் பேச்சு என்று ஒதுக்கினார். அதே தலைமுறையில் ஷாவ் யோங் 1,29,600 வருடத்தில் உலகமே தோன்றி அழியும் என்று பிரமாண்டமான சுழற்சிக் கணக்குப் போட்டார். நம் யுகங்களோடு ஒப்பிட வேண்டுமென்றால் இவரைத்தான் ஒப்பிட வேண்டும். சிமா குவாங் கி.மு. 403 முதல் கி.பி. 959 வரை 294 பகுதிகளில் வரலாறு எழுதியபோது ஆற்றலையும் தேடவில்லை, சக்கரத்தையும் தேடவில்லை. தன் எஜமானின் நாட்டைப் பங்குபோட்ட மூன்று அமைச்சர் குடும்பங்களைச் சௌ அரசனே குறுநில மன்னர்களாக அங்கீகரித்த நிகழ்ச்சியில் தொடங்குகிறார். எங்கே, யார் செய்த எந்த முடிவால் கெட்டது என்பதுதான் அவர் கவலை.

இனி இரண்டாவது கேள்வி. நடந்தது சுழற்சி மாதிரியே தெரிகிறதே? தெரிவதற்கு ஒரு காரணம், எழுதியவர்கள். தாங் வம்சம் 629இல் அரண்மனையிலேயே வரலாற்று அலுவலகம் ஒன்றை வைத்தது. ஒரு வம்சத்தின் வரலாற்றை அடுத்த வம்சம் எழுதுவது வழக்கமாகிவிட்டது. எழுதுபவன் சம்பளம் வாங்குவது வென்றவனிடம். முதல் அரசன் தர்மவான், கடைசி அரசன் குடிகாரன் அல்லது கொடியவன், நடுவில் ஒரு மறுமலர்ச்சி, கடைசியில் ஆண்மை நீக்கப்பட்ட அரண்மனைப் பணியாளர்களின் ஆதிக்கம், விவசாயிகள் கலகம் என்று ஓர் அச்சு உருவானது. தாங்குக்கு முந்தைய சுய் வம்சத்து யாங் பேரரசன் கொரியா மீது மும்முறை படையெடுத்து நாட்டைக் களைப்படையச் செய்தது உண்மை. ஆனால் தாங் காலத்து எழுத்தில் அவன் முகம், புராண காலத்துக் கெட்ட அரசர்களின் முகச்சாயலோடு வருகிறது. மிங் வம்சத்தின் வரலாறு இன்னும் வேடிக்கை. மிங்கின் கடைசிப் பேரரசன் சோங்சென் 1644இல் கிளர்ச்சிக்காரர்கள் பெய்ஜிங்குக்குள் நுழைந்தபோது அரண்மனைக்குப் பின்னால் இருந்த குன்றில் தூக்கிட்டுக்கொண்டான். மஞ்சூக்களின் சிங் அரசு, நாங்கள் மிங்கிடமிருந்து நாட்டைப் பறிக்கவில்லை, அவனைச் சாகடித்த கொள்ளையரிடமிருந்து மீட்டோம் என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்தது. ஆகவே கடைசி அரசனைக் கெட்டவனாக்க முடியாது. 1739இல் முடிந்த அதிகாரபூர்வ வரலாறு என்ன செய்தது? மிங் உண்மையில் அழிந்தது வான்லி பேரரசன் காலத்திலேயே என்று பழியை அவன் பாட்டன் தலையில் போட்டது.

எழுத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் மிச்சம் இருக்கிறது, மறுக்கவில்லை. புதிய வம்சம் நிலத்தை அளந்து, குடும்பங்களைப் பதிந்து, வரியை ஒழுங்காக வசூலிக்கும். தலைமுறைகள் போகப் போகச் செல்வாக்குள்ளவர்களின் நிலம் பதிவேட்டிலிருந்து நழுவும், சுமை ஏழை விவசாயி மேல் சாயும், கஜானா காலியாகும் நேரத்தில் பஞ்சமோ எல்லைப் போரோ வரும். மிங்கின் கடைசிக் காலத்தில் இது கண்கூடு. சலுகை பெற்ற படிப்பாளிக் குடும்பங்கள், மானியம் வாங்கிய பல்லாயிரம் அரச குலத்தார், மஞ்சூரியப் போருக்காக 1618 முதல் ஏற்றப்பட்ட கூடுதல் வரி, ஷான்சியில் வறட்சி. செலவைக் குறைக்க அரசு அஞ்சல் நிலையங்களில் ஆள்குறைப்பு செய்தபோது வேலை இழந்தவர்களில் ஒருவன் லி சிசெங். பெய்ஜிங்கைப் பிடித்தது அவன் படைதான். இதுவரை ஓரளவு உறுதி. இதே பொறியமைப்பு எல்லா வம்சங்களையும் விழுத்தியது என்பதுதான் சந்தேகத்துக்குரியது. வடக்கு சொங் 1127இல் ஜுர்சென் படையிடம் தலைநகரை இழந்தபோது அது வறுமையில் வாடிக்கொண்டிருக்கவில்லை. உலகின் செழிப்பான நாடுகளில் ஒன்று அது. தாங் காலத்தில் கோலோச்சிய பெரும் பிரபுக் குலங்கள் சொங்கில் இல்லை, அவர்கள் இடத்தில் தேர்வெழுதி வந்தவர்கள். மதிப்பீடுகளின்படி 1100 வாக்கில் பத்துக் கோடியைத் தொட்ட மக்கள்தொகை 1850இல் நாற்பத்து மூன்று கோடி. ஒவ்வொரு முறையும் வேறு ஒரு நாடுதான் விழுந்திருக்கிறது.

வரிசையாக ஒன்றன்பின் ஒன்று என்பதும் முழு உண்மை இல்லை. சொங் ஆண்டபோதே வடக்கே லியாவ், பிறகு ஜுர்சென்களின் ஜின் என்ற வம்சங்கள் ஆண்டன. மூன்றில் யாரிடம் ஆணை இருந்தது? பல காலம் விவாதித்துவிட்டு 1343–45இல் மங்கோலியரின் யுவான் அரசவை மூன்றுக்கும் தனித்தனியாக அதிகாரபூர்வ வரலாறு எழுதி வைத்தது. 1644க்குப் பிறகு ஹூனானில் ஒதுங்கி வாழ்ந்த வாங் ஃபூசி இதையெல்லாம் தீவிரமாக யோசித்தவர். தன் வம்சம் விழுந்ததைக் கண்ணால் கண்ட மனிதர், ஆனால் சக்கரத்தில் ஆறுதல் தேடவில்லை. பரம்பரைக் குறுநிலங்கள் போய் அரசு நியமிக்கும் அதிகாரிகளின் மாவட்டங்கள் வந்தது திரும்ப முடியாத மாற்றம், பழங்காலத்துக்குப் போக நினைப்பது வீண் என்று எழுதினார்.

"நெடுங்காலம் பிரிந்தால் சேரும், நெடுங்காலம் சேர்ந்தால் பிரியும்" என்ற வரியைக் கன்பூசியஸ் வாக்கு மாதிரி பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். அது மூன்று ராஜ்யங்களின் கதையைச் சொல்லும் நாவலின் முதல் வரி. அந்த இடத்தில் அதை வைத்தது பதினேழாம் நூற்றாண்டுப் பதிப்பு.

இப்போதைய ஆட்சியைப் பற்றிக் கேட்டீர்கள். 1912 பிப்ரவரியில் கடைசிப் பேரரசனான சிறுவன் பூயி பெயரில் பதவி விலகல் ஆணை வந்தபோது அடுத்த வம்சம் எதுவும் தொடங்கவில்லை. 1915 இறுதியில் குடியரசுத் தலைவர் யுவான் ஷிகாய் பேரரசனாக முயன்று சில மாதங்களில் பின்வாங்கினார். ஆனாலும் அச்சம் போகவில்லை. 1945 ஜூலையில் கம்யூனிஸ்ட் கட்சியின் தளமான யான்ஆனுக்கு வந்த அரசியல்வாதி ஹுவாங் யான்பேய், வேகமாக எழுவதும் திடீரென்று விழுவதுமான இந்தச் சுழற்சியிலிருந்து நீங்கள் எப்படித் தப்பப் போகிறீர்கள் என்று மாவோவிடம் நேராகவே கேட்டார். ஜனநாயகம், மக்கள் அரசைக் கண்காணித்தால் அரசு சோம்பாது என்றார் மாவோ. 2022 கட்சி மாநாட்டு அறிக்கையிலும் அதே கேள்வி வருகிறது. சி ஜின்பிங் தரும் இரண்டாவது விடை, கட்சி தன்னைத்தானே திருத்திக்கொள்வது. இரண்டு விடைகளும் ஒன்றல்ல: ஒன்றில் வெளியிலிருந்து பார்க்கும் கண் இருக்கிறது, மற்றதில் கட்சியே தன்னைப் பார்த்துக்கொள்கிறது. எந்த விடை தாங்கும் என்று சக்கரத்தை வைத்து ஜோசியம் சொல்ல நான் தயாரில்லை. அப்படிச் சொல்பவர்களிடம், எந்த ஆண்டு, எந்தக் காரணத்தால் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.